ஆட்கள் கிளம்பிய பிறகு வரும் ஒரு மணி நேரம்

நடக்கவும் ஏறவும் திறக்கவும் கற்றுக்கொண்ட பிள்ளை இருக்கும் வீட்டில் இடிப்பு வேலை ஆரம்பிக்கப் போகிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "வேலை முடியும்வரை வேறு எங்காவது போய் இருந்துவிடுங்கள்." நல்ல யோசனைதான், முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள். முழுக்க முடியாவிட்டாலும், சுவர் இடிக்கும் நாட்களிலும் பழைய பெயிண்டைச் சுரண்டும் நாட்களிலும் குழந்தை அந்த வீட்டில் இருக்க வேண்டாம். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுத்துப் பேசவே மாட்டேன். மற்றபடி எங்களால் அத்தனை மாதங்களும் வெளியே தங்க முடியவில்லை. பாதி வீட்டில் வேலை, மீதிப் பாதியில் குடித்தனம் என்றுதான் ஓடியது. மகளுக்கு அப்போது இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாதங்களில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒன்று. வேலை நடக்கும் வீட்டில் குழந்தைக்கு அதிக ஆபத்தான நேரம் மெஷின் ஓடும் நேரம் அல்ல. மெஷின் ஓடும்போது எல்லோருமே உஷாராக இருக்கிறோம். கதவு சாத்தியிருக்கிறது, குழந்தை யாராவது ஒருவர் இடுப்பில் இருக்கிறது. ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பியதும் வீடு அமைதியாகிவிடுகிறது. 'அப்பாடா' என்று நமக்கும் உடம்பு தளர்கிறது. நாள் முழுக்க ஒரே அறையில் அடைந்து கிடந்த பிள்ளை அப்போதுதான் ஓட ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் தரையில் என்னென்ன கிடக்கிறது என்று நமக்கே தெரியாது. அதனால் ஆட்கள் போனதும் முதல் வேலை, குழந்தையை விடுவதற்கு முன்னால் வேலை நடந்த இடத்தை ஒரு சுற்று சுற்றிவருவது. எங்கள் வீட்டில் அதற்கு 'சாயங்காலச் சுற்று' என்றே பெயர் வந்துவிட்டது. கணவர் மகளை வைத்துக்கொள்வார், நான் போவேன். சில நாள் மாற்றிக்கொள்வோம். இருவரும் சேர்ந்து போனதில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போனதில்லை.

சுற்றில் ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர். டைல்ஸ் ஊறவைத்த வாளி, கலவைக்குப் பிடித்து வைத்த டிரம், பூச்சு வேலைக்குத் தண்ணீர் விட நிரப்பிய தொட்டி, மூடி சரியாகப் பொருந்தாத தரைத்தொட்டி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே மூழ்கிவிடும். கத்தவோ கையை அடித்துக்கொள்ளவோ செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் சத்தமே வராது. அதனால் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைப்பேன். தரைத்தொட்டி மூடியின் மேல் கனமாக எதையாவது வைத்துவிட்டு வருவது போதாது. பூட்டுப் போடுகிற மூடியாகவே மாற்றச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் அந்த மூடியைப் பலர் திறப்பார்கள், பலர் மூடுவார்கள். கடைசியாகத் தொட்டது யார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இரண்டாவது, பாட்டில்கள். பெயிண்ட் வேலைக்கு வந்தவர்கள் மீந்துபோன தின்னரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததை ஒரு மாலை பார்த்தேன். தண்ணீரைப் போலவே தெளிவாக, ஜன்னல் திண்டில் நின்றுகொண்டிருந்தது. மகளின் கை எட்டும் உயரம். மறுநாள் காலையில் அவர்களிடம் பேசினேன். கோபப்படாமல், ஆனால் கண்டிப்பாகச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த வேலை முடியும்வரை வீட்டுக்குள் எந்த ரசாயனமும் அதனதன் டப்பாவை விட்டு வெளியே வரக் கூடாது, மிச்சம் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும் என்பது விதியாயிற்று. இங்கே எல்லாப் பெற்றோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தின்னர், டர்பென்டைன், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வயிற்றில் இருப்பதை விட, மேலே வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய கெடுதல். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புவதுதான் சரி.

மூன்றாவது, சாய்த்து வைத்தவை. கழற்றிய கதவு, பிளைவுட் பலகை, கல் பலகை, ஏணி எல்லாவற்றையும் சுவரோரமாகச் சாய்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். பெரியவர்கள் கண்ணுக்கு அது ஓரமாக வைத்த பொருள். குழந்தைக்கு அது பிடித்து எழுந்து நிற்க ஒரு ஆதரவு. படுக்க வைக்க முடிந்ததைத் தரையில் படுக்க வைத்துவிடுவேன். முடியாததை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டிவிடுவேன். மேஸ்திரியிடம் ஒருமுறை காரணத்தைச் சொன்ன பிறகு அவரே சித்தாளைக் கூப்பிட்டு, "பாப்பா இருக்கிற வீடு, படுக்கப் போட்டுட்டுப் போ" என்று சொல்ல ஆரம்பித்தார். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். வெறும் கட்டளையாகச் சொன்னால் அடுத்த நாளே மறந்துபோகும்.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னப் பொருட்கள். அதற்கு டார்ச் வேண்டும். விளக்கு எரிந்தாலும் டார்ச் வேண்டும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளியைக் கிடையாக அடித்தால், மேலிருந்து பார்க்கும்போது தெரியாத ஒரு சின்ன ஆணிக்கும் நீளமாக நிழல் விழும். டைல்ஸ் சில்லுகள் பளபளக்கும். எலக்ட்ரீஷியன் வயர் சீவிய இடத்தில் முடி போன்ற செம்புக் கம்பிகள் கிடக்கும், அவை கையில் குத்தினால் எடுப்பது பெரிய பாடு. ஒரு நல்ல காந்தத்தைக் குச்சியில் கட்டி இழுத்தால் இரும்பு எல்லாம் வந்துவிடும். செம்பும் அலுமினியமும் வராது, அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். முட்டி போட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பது நம் வீடு. முட்டி போட்டுப் பார்த்தால்தான் குழந்தையின் வீடு தெரியும். கதவு நிலையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, மூடாமல் விட்ட சுவிட்ச் பாக்ஸ், தொங்கும் வயர் நுனி எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

பட்டன் பேட்டரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் அளவுக் கருவி, புது விளக்கின் ரிமோட், டிஜிட்டல் தராசு என்று வேலை நடக்கும் வீட்டுக்குள் அது பல வழிகளில் வரும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். 'வெளியே போய்விடும், பொறுத்துப் பார்ப்போம்' என்று இருக்கவே கூடாத பொருள் இது. சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஈரச் சிமென்டும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது பிசைந்து விளையாடும் சேறு. உண்மையில் அதன் காரத்தன்மை பி.எச். 12 முதல் 13 வரை போகும். தோலில் பட்டதும் எரியாது. பட்டது தெரியாமலே இருந்து, சில மணி நேரம் கழித்துப் புண்ணாகும். காலணிக்குள்ளோ உடைக்குள்ளோ மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். பட்டுவிட்டால் தேய்க்காமல், துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவத் தொடங்கிவிட்டு மருத்துவரைத் தேட வேண்டும். சாயங்காலச் சுற்றில் தரையில் சிந்திய கலவையைச் சுரண்டி எடுப்பதும், கலவைச்சட்டியைக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகத்தான்.

தூசியைப் பற்றி நிறையப் பேசலாம். கண்ணுக்குத் தெரிகிற தூசியை விடத் தெரியாததுதான் கவலைக்குரியது. டைல்ஸ், கல், கான்கிரீட் இவற்றை அறுக்கும்போது பறப்பதில் படிக சிலிக்கா இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மிக நுண்ணிய துகள்கள் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். ஆகவே அறுக்கிற வேலை எல்லாம் வெளியே, தண்ணீர் விட்டபடிதான் நடக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். இது குழந்தைக்கு மட்டும் சொல்வதல்ல, நாள் முழுக்க அதையே மூச்சில் வாங்கும் அந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். மாலையில் துடைப்பத்தால் பெருக்கினால் படிந்தது எல்லாம் மறுபடி எழும். ஈரத் துணியால் துடைப்பதுதான் வழி, தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். வேலை நடக்கும் பகுதிக்கும் குடியிருக்கும் பகுதிக்கும் நடுவே கனமான பிளாஸ்டிக் தாளை மேலிருந்து கீழ்வரை ஒட்டி, ஓரங்களை டேப்பால் அடைத்தோம். வாசலில் ஒரு ஈரச் சாக்கு. அந்தப் பக்கம் போட்ட செருப்பு இந்தப் பக்கம் வராது. நானும் சுற்று முடிந்ததும் உடை மாற்றி, முகம் கழுவிய பிறகுதான் மகளைத் தூக்குவேன்.

பழைய வீடாக இருந்தால் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். சுரண்டுவதற்கு முன்னால் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். குழந்தையின் உடம்பில் ஈயம் இந்த அளவு வரை இருக்கலாம் என்று எந்த அளவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உள்ளே போகும் ஈயத்தில் சின்னப் பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் தரையில் கை வைப்பார்கள், அந்தக் கையை வாயில் வைப்பார்கள். பழைய பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். ஈரப்படுத்தித் தேய்ப்பது, அந்த நாட்களில் குழந்தையை வெளியே வைப்பது, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் கை கழுவுவது, இவை மூன்றையும் ஒருநாளும் விடக் கூடாது.

சரி, பகல் பொழுதுக்கு வருகிறேன்.

வேலையை எந்த அறையிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்வது, குழந்தை தூங்கும் அறையிலிருந்து. அதை முழுதாக முடித்து, நன்றாகக் காற்றோட்டம் விட்டு, பிறகு அங்கே குடியேறி, அதற்கப்புறம் அந்த அறையை யாரும் தொடக் கூடாது. ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். அதாவது நாளில் பாதி நேரம் அந்த அறைக் காற்றைத்தான் மூச்சில் வாங்குகிறது. புது பிளைவுட்டின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணையும் மூக்கையும் உறுத்தும் வாயு முதல் சில மாதங்களில்தான் அதிகம் வெளியேறும், வெயில் காலத்தில் இன்னும் கூடும். அதனால் அந்த அறைக்கு மட்டுமாவது அந்த வாயுவைக் குறைவாக வெளியிடும் இ-ஜீரோ அல்லது இ-ஒன் தரப் பலகையும், வாடை குறைந்த நீர்ப் பெயிண்டும் வாங்கச் சொல்வேன். வாடை வரவில்லை என்பதற்காக ஜன்னலை அடைத்து வைக்கவும் வேண்டாம். இன்னொன்று, சாமான் வைக்க இடமில்லாமல் அந்த அறைக்குள் மூட்டைகளை அடுக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வீடே கலைந்து கிடக்கும்போது பிள்ளைக்கு மாறாமல் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

சத்தத்துக்கு மேஸ்திரியோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் காலையில் அவர் வந்ததும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "மேஸ்திரி, இன்னைக்கு மெஷின் வேலை எது, எத்தனை மணிக்கு?" அவர் சொல்வதைப் பொறுத்து நாங்கள் வெளியே கிளம்பும் நேரம் அமையும். பகல் தூக்க நேரத்தில் பூச்சு, பட்டி பார்ப்பது, அளவெடுப்பது போன்ற சத்தமில்லாத வேலைகள். "பாப்பா எழுந்ததும் சொல்லுங்கம்மா, அப்புறம் மெஷின் போட்டுக்கறோம்" என்று அவரே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டது. கான்கிரீட் உடைக்கும் மெஷினும் கல் அறுக்கும் மெஷினும் 100 டெசிபெல் அளவுக்குச் சத்தம் போடும். வேலைத்தளங்களில் பெரியவர்களுக்கே 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் வரம்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. அதன் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான். குழந்தைகளுக்கென்று காதுக் கவசம் கிடைக்கிறது, வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அதை மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். தூரம்தான் நல்ல பாதுகாப்பு.

பிள்ளையின் மனசு இன்னொரு பக்கம். நேற்றுவரை இருந்த சுவர் இன்று இல்லை என்பது நமக்குத் திட்டம், அதற்கு அதிர்ச்சி. மகள் உடைந்த இடத்தைக் காட்டி "சுவரு எங்க?" என்று பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் பதில் சொன்னோம். காலையில் எழுந்ததும் அன்று யார் வருவார்கள், என்ன சத்தம் வரும் என்று சொல்லிவிடுவது உதவியது. எதிர்பார்த்து வரும் சத்தம் அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாட்களில், மெஷின் நிற்கும் நேரமாகப் பார்த்து வாசல்படி வரை தூக்கிக்கொண்டு போவேன். மேஸ்திரியை அவள் தாத்தா என்று கூப்பிடுவாள். அவர் ஒருநாள் ரசமட்டத்தை அவள் கையில் கொடுத்து, உள்ளே இருக்கும் குமிழியை நடுவில் நிறுத்தச் சொன்னார். குமிழி ஓடும், அவள் கையைச் சாய்ப்பாள், அது மறுபக்கம் ஓடும். அன்று முழுக்க அவளுக்கு வேறு விளையாட்டு தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்ன வாளியும் பிரஷும் வாங்கிக்கொடுத்தோம். வெளித் திண்ணைச் சுவரில் வெறும் தண்ணீரால் 'பெயிண்ட்' அடிப்பாள், காய்ந்ததும் மறுபடி அடிப்பாள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

பழக்கங்களை மாற்றும் காலம் இதுவல்ல. கழிவறைப் பழக்கம் ஆரம்பிப்பது, தனிப் படுக்கைக்கு மாற்றுவது, பாலை நிறுத்துவது எல்லாவற்றையும் தள்ளிப்போட்டோம். ஏற்கெனவே பழகியதில் சிலவற்றைப் பிள்ளை விட்டுவிடவும் செய்யும். இரவில் எழுந்து அழும், இடுப்பை விட்டு இறங்காது. அதைக் கண்டிக்க வேண்டியதில்லை. அதே போர்வை, தூங்கும் முன் அதே கதை, அதே நேரத்தில் விளக்கை அணைப்பது. இவ்வளவையும் காப்பாற்றினாலே போதும்.

இருவர் வீட்டில் இருந்தால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஆள் மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இப்ப நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். வேலை நடக்கும் வீட்டில் போன் வரும், பொருள் இறங்கும், யாராவது அளவு கேட்பார்கள். அம்மா பார்க்கிறாள் என்று அப்பாவும், அப்பா பார்க்கிறார் என்று அம்மாவும் நினைக்கும் அரை நிமிடம் போதும். டைல்ஸ் நிறம், கைப்பிடி வடிவம் போன்ற முடிவுகளை எல்லாம் மகள் தூங்கிய பிறகுதான் பேசினோம். முடிவு ஒரு நாள் தாமதமாவதால் எதுவும் கெட்டுப்போவதில்லை.

சுவர் திறந்திருக்கும்போதே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு, மூடிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச், தாழ்வான இடங்களில் துளை மூடியுள்ள சாக்கெட். பால்கனி, மாடிப்படி கைப்பிடிகளில் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள், அதுவும் நெடுக்குக் கம்பிகளாக. கிடைக் கம்பி வைத்தால் அது ஏணி. அலமாரிகளையும் டிராயர் பெட்டிகளையும் சுவரோடு இணைக்கப் பின்பலகை எங்கே வரும் என்று ஆசாரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குளியலறைக் குழாயில் வரும் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பிளம்பரை அமைத்துத் தரச் சொல்லுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே பிள்ளையின் தோலைப் பொசுக்கிவிடும். குளியலறைக் கதவின் உள் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

வேலை முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் ஆட்கள் வருவார்கள். கதவு இறுக்கமாக இருக்கிறது என்று ஆசாரி வந்து சீவுவார், குழாய் கசிகிறது என்று பிளம்பர் வருவார். அரை மணி நேர வேலைதானே என்று சாயங்காலச் சுற்றை விட்டுவிட வேண்டாம். அந்த அரை மணி நேர வேலையும் ஒரு திருகாணியை விட்டுவிட்டுப் போகும். கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், மிச்சம் இருக்கும் டப்பாக்களையும் துண்டுப் பலகைகளையும் அவர்களையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு முழு நாள் ஒதுக்கி, மின்விசிறி இறக்கை, கதவு நிலையின் மேல்பக்கம், ஏசி வடிகட்டி, திரைச்சீலை, துணி பொம்மைகள் எல்லாவற்றையும் கழுவியோ ஈரத் துணியால் துடைத்தோ எடுங்கள். சில வாரம் கழித்து இதை இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும். முதல் முறை துடைக்கும்போது எழுந்த தூசி அதற்குள் மறுபடி படிந்திருக்கும்.